காப்புச் சட்டமும் கைகட்டி நிற்கும் ஆய்வாளரும்

(பெரம்பூரில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



‘தொல்பொருட் காப்புச் சட்டமும் ஆய்வாளர்தம் அதிகாரமும்’ என்பது இன்றைய பேச்சின் பொருள். கோயிலும் கல்வெட்டும் நிறைந்த தஞ்சையிலோ காஞ்சியிலோ பேச வேண்டியதை, கரியும் இரும்பும் மணக்கும் பெரம்பூரில் பேசுவானேன் என்று சிலர்க்குத் தோன்றலாம். உண்மையில் ‘ஆய்வாளர்’ என்னும் சொல்லின் முழுப்பொருளைத் தமிழ்நாட்டில் வேறெந்த ஊரினும் நன்கறிந்த ஊர் பெரம்பூரே. எனவே, இங்கிருந்தே தொடங்குவது பொருந்தும்.

தென்னகத்தின் முதல் தொடர்வண்டி 1856ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. பெரம்பூர்த் தொடர்வண்டிப் பணிமனையின் வரலாறும் அவ்வாண்டிலேயே தொடங்குகிறது. அதன்பின் பின்னி நிறுவனத்தாரின் பக்கிங்காம், கருநாடிக்கு ஆலைகள் எழுந்தன; 1955இல் பெட்டித் தொழிற்சாலை எழுந்தது. இத்தொழிலகங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்தோர் ஒரு காட்சியை நன்கறிவர். தொழிற்சாலை ஆய்வாளர் வருகிறார் என்றால் மேலாளர் எழுந்து நிற்பார். மூடாத பற்சக்கரத்திற்கு மூடி வந்துவிடும். பூட்டிய வாயில் திறந்துவிடும்.

அந்த ஆய்வாளர்க்கு அத்துணை மதிப்பு எங்கிருந்து வந்தது? 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் தன் 9ஆம் பிரிவில் அவர்க்கு என்னென்ன வழங்கியிருந்தது என்று பாருங்கள். துணைக்கு ஆள்களை அழைத்துக்கொண்டு உள்ளே நுழையலாம், எந்திரங்களை ஆராயலாம், பதிவேடுகளைக் கொண்டுவரச் சொல்லலாம், வேண்டுமாயின் அவற்றைக் கைப்பற்றலாம், அளக்கலாம், ஒளிப்படம் எடுக்கலாம், ‘இதனை எவரும் தொடாதீர், இருந்தவாறே இருக்கட்டும்’ என்று ஆணையிடலாம். அவரைத் தடுத்தவர்க்கு அச்சட்டத்தின் 95ஆம் பிரிவு சிறையைக் காட்டியது. பதிவும் உரிமமும் பெறாத தொழிற்சாலை இயங்கலாகாது என்று 6ஆம் பிரிவு வழிவகுத்திருந்தது. ஆகவே, தம் வட்டத்தில் எத்தனைத் தொழிற்சாலைகள், எவை எவை, எங்கெங்கு உள்ளன என்பது ஆய்வாளரின் கைப்பதிவேட்டிலேயே இருந்தது.

எனினும், சட்டநூலில் எழுதாத ஒன்றும் அவர்க்குத் துணைநின்றது. ஆய்வாளர் கேட்டபோது, ‘ஆம் ஐயா, இங்கே குறை இருக்கிறது’ என்று வாய்திறந்து சொல்லும் தொழிலாளி இருந்தான். அவனுக்கு அத்துணிவைத் தந்தது சங்கம். 1918ஆம் ஆண்டு ஏப்பிரல் 27ஆம் நாள் இதே பெரம்பூரில் ஆலைத் தொழிலாளரைக் கொண்டு தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கம், இந்தியாவிலேயே முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று வரலாற்றார் போற்றுவது. தமிழ்த்தென்றல் திரு.வி.க. தம் தமிழையும் தோளையும் ஒருங்கே தந்து வளர்த்த சங்கம் அது.

இந்த மூன்றனையும் மனத்திற் பதித்துக்கொள்ளுங்கள்: சட்டம் தந்த அதிகாரம், கையிலுள்ள பதிவேடு, பின்னே நிற்கும் மக்கள். இம்மூன்றும் கூடினால்தான் ஆய்வாளர் ஆய்வாளர். ஒன்று குறைந்தாலும் அவர் சட்டையணிந்த பொம்மையே.

இனி, இன்னோர் ஆய்வாளரைப் பார்ப்போம். இவர் உழைப்பாளியின் கையையும் காலையும் காப்பவர் அல்லர். ஓர் இனத்தின் நினைவையே காக்க அமர்த்தப்பெற்றவர். கோயிற் படிமம், கல்வெட்டு, செப்பேடு, ஓலைச்சுவடி, புதைமேடு, நடுகல் ஆகியவற்றின் காவலர். தொல்லியல் துறை அலுவலர் என்றும், பதிவு அலுவலர் என்றும், சிலைக் களவுத் தடுப்புப் பிரிவின் காவல் ஆய்வாளர் என்றும் பல பெயர்களில் இவர் இருக்கிறார். இவர் கையில் சட்டம் என்ன கொடுத்திருக்கிறது?

சட்டங்கள் குறைவில்லை. 1958ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள் சட்டம் நடுவணரசினது. 1966ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற தொன்மைச் சின்னங்கள் சட்டம் தமிழக அரசினது. 1972இல் இயற்றப்பெற்று 1976இல் நடைமுறைக்கு வந்த தொல்பொருள், கலைச்செல்வச் சட்டம் மீண்டும் நடுவணரசினது.

இவற்றுள் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவே ஆய்வாளரின் கைவாள். நடுவணரசால் அதிகாரம் பெற்ற அலுவலர் எந்த இடத்தினுள்ளும் நுழைந்து தேடலாம். சட்டம் மீறப்பட்டது, மீறப்படுகிறது, மீறப்படப் போகிறது என்று ஐயுறும் அளவிலேயே ஒரு தொல்பொருளைக் கைப்பற்றலாம். வழக்குமன்றத்தில் ஒப்படைக்கும்வரை அதனைக் காத்துவைக்கலாம். ‘மீறப்படப் போகிறது’ என்னும் சொல்லைக் கருதிப் பாருங்கள். களவு போன பின் ஓடுவதற்கு மட்டுமன்று, போகுமுன் மறிப்பதற்கும் இடந்தரும் சொல் அது. நூறாண்டுப் பழமையுடைய கலைப்பொருளும், எழுபத்தைந்தாண்டுப் பழமையுடைய மதிப்புமிக்க சுவடியும் இச்சட்டத்தின் காப்புக்குள் அடங்கும். உரிய இசைவின்றி இவற்றை நாடு கடத்துவோர்க்கு ஆறு திங்களுக்குக் குறையாமல் மூன்றாண்டு வரை சிறையும் தண்டத்தொகையும் உண்டு.

1958ஆம் ஆண்டுச் சட்டம் கட்டடங்களையும் நிலத்தையும் காப்பது. 2010இல் திருத்தப்பெற்றபின், காக்கப்பெற்ற சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக்கட்டடம் எழுப்புதல் தடையாயிற்று. அதற்கப்பால் 200 மீட்டர் வரை இசைவு பெற்றே எழுப்ப வேண்டும் என்றாயிற்று. காக்கப்பெற்ற பகுதியில் இசைவின்றி எழும் கட்டடத்தை அகற்றச் சொல்லி ஆணையிடலாம். கேளாவிடின் மாவட்ட ஆட்சியர் அகற்றுவிப்பார். சின்னத்தைச் சிதைத்தோர்க்கு ஈராண்டுச் சிறை, ஓரிலக்கம் உருபா தண்டம், அல்லது இரண்டும். பழைய சட்டத்தில் இது மூன்று திங்களும் ஐயாயிரம் உருபாவுமாகவே இருந்தது. சின்னத்தைச் சிதைத்தல் காவல்துறையினர் பிடியாணை இன்றியே நடவடிக்கை எடுக்கத்தக்க குற்றம் என்று 32ஆம் பிரிவு கூறுகிறது.

தாளில் இத்துணை அதிகாரம் இருக்கிறது. பின்னும், தமிழன் படைத்த படிமங்கள் அயல்நாட்டு அருங்காட்சியகங்களில் ஏன் நிற்கின்றன? கல்வெட்டுள்ள கற்கள் ஏன் படிக்கற்களாகவும் துணி துவைக்கும் கற்களாகவும் கிடக்கின்றன? பெரம்பூரார் அறிந்த அம்மூன்றையும் கொண்டு அளந்து பார்த்தால் விடை தானே வெளிப்படும்.

முதலாவது, அதிகாரத்தின் எல்லை. சின்னத்தைக் காக்கும் சட்டம், ‘காக்கப்பெற்றது’ என்று அரசிதழில் அறிவிக்கப்பெற்றதையே காக்கும். நடுவணரசு தமிழ்நாட்டில் அவ்வாறு அறிவித்தவை 400க்குச் சற்று மேல். தமிழக அரசு அறிவித்தவை அதனினும் மிகக் குறைவு. அறநிலையத் துறையின்கீழ் உள்ள கோயில்களும் அறநிலையங்களுமோ நாற்பதாயிரத்திற்கு மேற்பட்டவை. அறிவிக்கப்பெறாத கோயிலின் சுவரை இடித்தாலும், கல்லைப் புரட்டினாலும், தொன்மைச் சின்னச் சட்டத்தின் ஆய்வாளர் வாயிலில் நின்று பார்க்கலாமேயன்றி உள்ளே நுழைந்து தடுக்க அச்சட்டம் துணைவராது.

திருவொற்றியூரை எண்ணிப் பாருங்கள். பெரம்பூரிலிருந்து கூப்பிடு தொலைவுதான். அக்கோயிலில் நூற்றுக்கு மேற்பட்ட கல்வெட்டுகள் படியெடுக்கப்பெற்றுள்ளன. தூங்கானை மாடமாய் அமைந்த அதன் கருவறை முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் கருங்கல்லாற் கட்டப்பெற்றதையும், கட்டுவித்தவர் சதுரானன பண்டிதர் என்பதையும், கட்டிய கைவினைஞன் வீரசோழத் தச்சன் என்பதையும் அக்கல்வெட்டே சொல்கிறது. ஓராயிரம் ஆண்டுக்கு முன் உளிபிடித்த ஓர் உழைப்பாளியின் பெயர் இன்றும் நிற்கிறதென்றால், கல்லில் வெட்டிய தமிழால் நிற்கிறது. திருப்பணி என்னும் பெயரால் எத்தனை ஊர்களில் இத்தகைய எழுத்துகள்மீது மணலை விசையோடு பீச்சித் தேய்த்தனர்! மணல் வீச்சு கூடாது என்று அரசே தடை செய்யவேண்டிய நிலை வந்தது. வெள்ளையடித்த சுண்ணாம்பையாவது சுரண்டியெடுக்கலாம். தேய்ந்த எழுத்தைத் திரும்பப் பெற எவராலும் இயலாது. கள்வன் எடுத்துச் சென்ற படிமம் ஒருநாள் திரும்பி வரலாம். பத்தியோடு அழித்த கல்வெட்டு எந்நாளும் திரும்பி வராது.

கோயிலே இப்படியென்றால் ஆலையின் கதை என்ன? திரு.வி.க.வின் குரல் கேட்ட பின்னி ஆலை 1996இல் மூடப்பெற்றது. தமிழ்நாட்டுத் தொழிலாளர் வரலாற்றின் பிறந்த வீடு அது. காப்புச் சின்னம் என்று எவரும் அறிவிக்காமையால் எந்த ஆய்வாளருக்கும் அங்கே வேலை இல்லாமற் போயிற்று. இன்று அப்பெருநிலத்தில் அடுக்ககங்கள் எழுந்திருக்கின்றன.

இரண்டாவது, பதிவேடு. கல்லாலும் மாழையாலும் ஆகிய தொன்மைப் படிமங்களை உடையவர் ஒளிப்படத்தோடு பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பது 1972ஆம் ஆண்டுச் சட்டம். உடையவர்தாமே வந்து பதிய வேண்டும் என்பது அதன் நடைமுறை. ஊர்ப்புறத்தில், ஒருகாலப் பூசைக்கும் வழியற்ற கோயிலில், பூட்டிக் கிடக்கும் கருவறையில் நிற்கும் படிமத்திற்கு உடையவர் யார்? கடவுள் என்பார்கள். கடவுள் எந்தப் பதிவகத்திற்கு நடந்து வருவார்?

இதனால் விளைந்த கேடு கொஞ்சமன்று. அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தான் கோயிலின் ஆடவல்லான் திருமேனி 2006இல் களவு போயிற்று. பூட்டிக் கிடந்த கோயிலைத் திறந்து பார்த்து இழப்பை அறிந்தது 2008இல். ஈராண்டுக் காலம் இழந்தவனுக்கே இழந்தது தெரியாது! அதே 2008இல் ஆத்திரேலிய நாட்டுக் கலைக்கூடம் அதனை 50 இலக்கம் அமெரிக்க வெள்ளிக்கு வாங்கியது. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு நிறுவனத்தார் பல்லாண்டுகளாகத் தமிழ்நாட்டுக் கோயில்தோறும் சென்று எடுத்துவைத்த ஒளிப்படங்களே, ‘இது எங்கள் ஊர்த் திருமேனி’ என்று நிறுவத் துணைநின்றன. 2014இல் அது திரும்பி வந்தது. அதனை விற்ற வணிகர் சுபாசு கபூர் 2011இல் செருமனியில் பிடிபட்டு, 2012இல் தமிழ்நாட்டிற்குக் கொணரப்பெற்றார்; இங்கு நடந்த மற்றொரு சிலைக் களவு வழக்கில் குடந்தை வழக்குமன்றம் 2022இல் அவர்க்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. தமிழன் கோயிலுக்குப் பிரெஞ்சுக்காரன் எடுத்த படம் சான்று! பிரெஞ்சுக்காரனுக்கு நன்றி சொல்ல வேண்டும். அவன் படம் எடுத்தமைக்காக மகிழ வேண்டும். தமிழன் எடுக்காமைக்காக நாண வேண்டும்.

சிவபுரத்து ஆடவல்லானின் கதை இன்னும் கொடிது. 1951இல் மண்ணிலிருந்து கிடைத்த திருமேனியைச் செப்பனிடக் கொடுத்தார்கள். செப்பனிட்டு வந்தது போலி. உண்மையான திருமேனி கைமாறிக் கைமாறிக் கடல் கடந்தது. 1973இல் அமெரிக்கச் செல்வர் நார்ட்டன் சைமன் 9 இலக்கம் வெள்ளிக்கு அதனை வாங்கினார். ஊரார் போலிக்கு நீராட்டிப் பூச்சூட்டிக்கொண்டிருந்தனர். அயல்நாட்டு அறிஞர் ஒருவர் கண்டு சொன்ன பின்னரே உண்மை வெளிப்பட்டது. 1980களில்தான் திருமேனி மீண்டது. முதற்படத்தையும் அளவையும் எடையையும் ஊரில் ஒருவர் குறித்து வைத்திருந்தால், செப்பனிட்டுத் திரும்பிய அன்றே ஒப்பிட்டுப் பார்த்துப் போலியைக் கண்டிருக்கலாமன்றோ?

மூன்றாவது, பின்னே நிற்கும் ஆள். 2022இல் இந்தியா முழுவதும் நடுவணரசு காத்த சின்னங்கள் 3,693. அவற்றைக் காக்க 7,000 பேர் வேண்டியிருக்க, 248 இடங்களில் 2,578 பேரையே அமர்த்த முடிந்தது என்று நடுவண் பண்பாட்டு அமைச்சே நாடாளுமன்றக் குழுவிடம் 2022இல் கூறியது. முன்னரே 2013இல், தலைமைக் கணக்காய்வர் 1,655 சின்னங்களை நேரிற் சென்று பார்வையிடச் செய்தபோது, அவற்றுள் 92 இருந்த இடத்திலேயே காணப்படவில்லை. களவு போனது படிமம் அன்று, சின்னமே காணோம்! கட்டடம் காணாமற் போவதை எந்தக் காப்பியப் புலவனும் கற்பனை செய்ததில்லை. காப்புத் துறையின் ஏடு அதனை மெய்யாக்கிக் காட்டியது.

ஆய்வாளர் ஒருவர், அவர் பொறுப்பில் ஊர்கள் பல. ஊர்தி கேட்டால் ஒப்புதல் இல்லை, துணைக்கு ஆளில்லை. தொல்லியல் அலுவலர் தாமே எவரையும் கைது செய்யார். காவல் நிலையத்திற்கு முறையீடு எழுத வேண்டும். ஏற்றுமதிக் குற்றமாயின், உரிய அலுவலரின் ஒப்புதலின்றி வழக்குத் தொடுக்கவும் இயலாது. கோப்பு ஒரு மேசையிலிருந்து மறுமேசைக்குச் செல்வதற்குள் சரக்குப் பெட்டி துறைமுகத்தைத் தாண்டிவிடும். துறைமுகத்தின் நிழலில் வாழும் வடசென்னையார்க்கு இதனை விளக்கவும் வேண்டுமோ?

இங்கே ஓர் அடிப்படையான வினா எழுகிறது. தமிழர் தொல்பொருளுக்குக் காவலர் யார்? ஒரு பொருள் தொல்பொருள்தானா என்னும் ஐயம் எழுந்தால் முடிவு சொல்பவர் தில்லியிலுள்ள தொல்லியல் தலைமை இயக்குநர். அல்லது அவர் அதிகாரம் வழங்கிய இயக்குநர். அம்முடிவே இறுதி என்கிறது 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவு. காக்கப்பெறாத நிலத்திலும் மாநில அரசு அகழாய்வு செய்ய வேண்டுமானால் நடுவணரசின் முன்னிசைவு வேண்டும் என்கிறது 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவு. தன் பாட்டன் புதைந்த மண்ணைத் தோண்டப் பெயரன் தில்லியில் விண்ணப்பம் போட வேண்டும்! கீழடியில் தமிழக அரசு அகழாய்வை மேற்கொண்டதும் அவ்விசைவு பெற்றே.

படிகளின் கதையும் இத்தகையதே. தமிழ்க் கல்வெட்டுகளிலிருந்து மையொற்றி எடுத்த படிகள் பல்லாண்டுக் காலம் மைசூரில் கிடந்தன. இந்தியாவில் கிடைத்த கல்வெட்டுகளுள் பெருந்தொகையின தமிழே. ஆயினும் அவற்றின் படிகளைக் காணத் தமிழறிஞன் அயல்மாநிலத்திற்குப் பயணச்சீட்டு வாங்க வேண்டியிருந்தது. அவற்றைச் சென்னைக்குக் கொணர வேண்டும் என்று உயர் வழக்குமன்றத்தின் மதுரைக் கிளை 2021இல் கட்டளையிட்ட பின்னரே வழி பிறந்தது. கல்லில் உள்ள எழுத்தைத் தேய்த்துவிட்டான் என்று ஒருவன்மீது குற்றஞ்சாட்ட வேண்டுமானால், தேயுமுன் என்ன இருந்தது என்று காட்ட வேண்டும். அதைக் காட்டுவது படி. படி மைசூரில், கல் தமிழ்நாட்டில், சட்டம் தில்லியில், ஆய்வாளர் தெருவில்! இதுவோ காப்பு?

வடக்கை நோக்கி விரல் நீட்டுகையில் மற்ற விரல்கள் யாரை நோக்குகின்றன என்பதையும் பார்த்தல் வேண்டும். தமிழக மரபுச் சின்னங்களைக் காக்க ஓர் ஆணையம் வேண்டும் என்று தமிழகச் சட்டமன்றமே தி.பி. 2043இல், அஃதாவது கி.பி. 2012இல், சட்டம் இயற்றியது. அச்சட்டம் நடைமுறைக்கு வந்தது எப்போது? 2024இல்! பன்னீராண்டு அது உறங்கியது. குறிஞ்சியும் பன்னீராண்டுக்கு ஒருமுறைதான் பூக்கும். ஆனால் பூத்தால் மலையே நிறம் மாறும். இச்சட்டம் பூத்து என்ன மாறிற்று என்று தமிழக ஆட்சியாளரைத் தமிழர்தாம் கேட்க வேண்டும். கோயில்களின் தொன்மையைக் காப்பது தொடர்பாக 2021ஆம் ஆண்டு சூன் திங்களில் சென்னை உயர் வழக்குமன்றம் 75 கட்டளைகளைப் பிறப்பித்தது. அறமன்றம் 75 முறை சொல்லித்தான் தெரிய வேண்டும் என்னும் அளவிற்குத் துறைகள் உறங்கின என்பது இதன் பொருள். தில்லி பூட்டிய கதவுக்குத் தில்லி விடை சொல்லட்டும். தமிழன் திறந்துபோட்ட கதவுக்குத் தமிழனே விடை சொல்லியாக வேண்டும்.

இனி, நம்பிக்கை தரும் ஒரு வழக்கைக் கேளுங்கள். பழைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில், பாழடைந்த கோயிலின் அருகே 1976இல் மண்வெட்டி பிடித்த ஒரு கூலித் தொழிலாளிக்கு ஆடவல்லான் திருமேனி ஒன்று கிடைத்தது. அது தரகர் கைக்குப் போய் இலண்டனை அடைந்தது. 1982இல் கனடா நாட்டுப் பம்பர் நிறுவனம் அதனை வாங்கியது. செப்பனிடுவதற்காக அது பிரித்தானிய அருங்காட்சியகத்திற்கு வந்தபோது இலண்டன் காவல்துறையினர் அதனைக் கைப்பற்றினர். வாங்கியவர் வழக்குத் தொடுத்தார். தமிழகத்தின் சார்பில் உரிமை கோரப்பெற்றது. தமிழகத் தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி அங்குச் சென்று சான்றுரைத்தார். 1988இல் தீர்ப்பு தமிழகத்தின் பக்கம் வந்தது. 1991இல் மேல்முறையீட்டு மன்றமும் அதனை உறுதி செய்தது. அவ்வாண்டே திருமேனி தமிழகம் மீண்டது.

அத்தீர்ப்பில் உலகையே திரும்பிப் பார்க்கச் செய்த ஒன்றுண்டு. பூசையின்றிப் பாழடைந்த அக்கோயிலையே வழக்காடும் உரிமையுள்ள ஓர் ஆளாக ஆங்கிலேய வழக்குமன்றம் ஏற்றுக்கொண்டது. கடவுள் பதிவகத்திற்கு நடந்து வருவாரா என்ற வினாவுக்கு விடை இதுதான்: பதிவகத்திற்கு வராத கடவுள் இலண்டன் வழக்குமன்றத்திற்கே வந்தார். எப்படி வந்தார்? அறிந்தவர் எடுத்துரைத்ததால் வந்தார். சான்று இருந்ததால் வந்தார். காவலர் ஐயுற்றுக் கைப்பற்றியதும், அறிஞர் ஒப்பிட்டுச் சான்றுரைத்ததும், அரசு விடாது வழக்காடியதும் ஒன்றுகூடியதால் வந்தார். பெரம்பூர் அறிந்த அந்த மூன்றும் ஒருமுறை கூடின, வென்றன.

1983இல் தமிழகக் காவல்துறையில் சிலைக் களவுத் தடுப்புக்கெனவே தனிப்பிரிவு அமைந்தது. மீண்ட திருமேனிகள் பலவற்றின் பின்னே அப்பிரிவின் உழைப்பு இருக்கிறது. எனவே, ‘எதுவும் நடவாது’ என்று கைவிரிப்பது அறிவுடைமை ஆகாது. நடந்த இடங்களில் எதனால் நடந்தது என்று கண்டு, அதனை ஊர்தோறும் பெருக்குவதே அறிவுடைமை.

ஆகவே, அரசுகளிடம் வைக்க வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. தமிழக மண்ணின் தொல்பொருளைப் பற்றி முடிவு சொல்லும் உரிமை தமிழகத்திற்கு வேண்டும். நுழைந்து தேடிக் கைப்பற்றும் அதிகாரம் மாவட்டந்தோறும் உள்ள தமிழகத் தொல்லியல் அலுவலர்க்கு நேரடியாக வழங்கப்பெற வேண்டும். ‘உடையவர் வந்து பதிக’ என்று காத்திராமல், பதிவு அலுவலரே கோயில் கோயிலாகச் சென்று படமெடுத்து, அளந்து, எடையிட்டுப் பதிய வேண்டும். அப்பதிவேடு தமிழில் இருக்க வேண்டும். ஊர்மன்றத்தில் ஒரு படி இருக்க வேண்டும். கல்வெட்டைப் படிக்கத் தெரியாதவரைக் கல்வெட்டுக்குக் காவலராக அமர்த்துவது, கணக்கறியாதவனைக் கருவூலத்தில் அமர்த்துவது போன்றது. ஆகலின் அவ்வலுவலர் கல்வெட்டுத் தமிழ் கற்றவராதல் வேண்டும்.

அரசு செய்யும்வரை தமிழர் செய்ய வேண்டுவனவும் உண்டு. தத்தம் ஊர்க் கோயிலையும் குளக்கரையையும் நடுகல்லையும் பழங்கட்டடத்தையும் ஒளிப்படம் எடுத்து, நாளும் இடமும் குறித்து வையுங்கள். கையடக்கப் பேசியில் தன் முகத்தை நாளொன்றுக்குப் பத்துமுறை படமெடுக்கும் இளைஞன், ஆண்டுக்கு ஒருமுறை தன் ஊர்க் கல்வெட்டைப் படமெடுத்தால் அப்படம் ஒருநாள் வழக்குமன்றத்தில் பேசும். மண்ணில் பழம்பொருள் கிடைத்தால் மாவட்ட ஆட்சியர்க்கு எழுத்தில் அறிவியுங்கள். அது சட்டக் கடமை, 1878ஆம் ஆண்டுப் புதையற் சட்டம் முதல் உள்ள கடமை. காக்கப்பெற்ற சின்னம் சிதைவதைக் கண்டால் காவல் நிலையத்தில் முறையிடுங்கள். பிடியாணைக்குக் காத்திருக்க வேண்டாத குற்றம் அது என்பதை எடுத்துச் சொல்லுங்கள். மறுமொழி வாராவிடின் 2005ஆம் ஆண்டுத் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்படி எழுதிக் கேளுங்கள். திருப்பணி தொடங்கும்போதே அங்குச் சென்று, ‘எழுத்துள்ள கல்லைத் தொடுமுன் படியெடுத்தீர்களா?’ என்று பணிவோடு கேளுங்கள், பின்வாங்காமல் கேளுங்கள்.

எல்லாவற்றிற்கும் மேலாக, கல்வெட்டெழுத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். தமிழி, வட்டெழுத்து, சோழர்காலத் தமிழெழுத்து ஆகியன கடவுள் மறைத்துவைத்த கமுக்கங்கள் அல்ல. எண்ணும் எழுத்தும் கற்ற எவரும் சில திங்களிற் கற்கலாம். ஓர் ஊரில் பத்துப் பேர்க்குக் கல்வெட்டுப் படிக்கத் தெரியுமானால், அவ்வூர்க் கல்லை எவனும் துணி துவைக்க எடுத்துச் செல்லமாட்டான்.

நூறாண்டுக்கு முன் இந்தப் பெரம்பூரில், எழுத்தறியாத ஆலைத் தொழிலாளி, ‘என் கை அறுந்தால் கேட்க ஆளில்லையா?’ என்று கேட்டான். அக்கேள்வியிலிருந்து சங்கம் பிறந்தது. சங்கத்தின் குரலால் சட்டத்திற்கு உயிர் வந்தது. ஆய்வாளர்க்கு மதிப்பு வந்தது. அதே கேள்வியை இன்று தமிழன் தன் இனத்தின் நினைவுக்காகக் கேட்க வேண்டும். கேட்கும் மக்கள் பின்னே நின்றால், கைகட்டி நிற்கும் ஆய்வாளரின் கட்டும் அவிழும். கேட்பாரற்றுப் போனால், ஆயிரம் பிரிவுகள் எழுதினாலும் அவை கறையான் தின்னும் தாள்களே.

வீரசோழத் தச்சன் கல்லில் வைத்துச் சென்ற பெயரைக் காப்பது, உளியும் சுத்தியலும் பிடித்து வாழும் அவன் வழிவந்தோர் கடன். அக்கடனை ஏற்றுச் செல்லுங்கள்.

வாழ்க தமிழ்! வெல்க தமிழர்!